அத்தை சிரித்த ஜப்பான் படம்

அந்தப் புகைப்படத்தின் நடுவில் இருப்பது என் மாமாவின் முதுகு. சிதம்பரத்துக் கலைக்கூடத்தின் நடைவழியில், முன்பு தண்ணீர்ப் பானை இருந்த மூலையில் அது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. இடது ஓரத்தில் கோட்டு அணிந்த ஒரு ஜப்பானியப் பெரியவர் இடுப்பு வரை வளைந்து வணங்குகிறார். யாரை வணங்குகிறார் என்று தெரியாதபடி படத்தின் முக்கால்வாசியை ஒரு வெள்ளைச் சட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. சட்டையின் நடுவில் நல்ல வியர்வை. முழங்கைக்குக் கீழே, கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்குக் கொஞ்சம் புடவைக் கரை. அடியில் ஒட்டிய அட்டையில் 'இந்திய - ஜப்பானிய நட்புறவு: விழாவில் ஓர் இனிய காட்சி' என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது, வாசகம் அப்போதைய நிர்வாகி சொன்னது. போன மாதம் அங்கே போயிருந்தபோது, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இளைஞர் என் பக்கத்தில் வந்து நின்று, "இந்த ஆளு மட்டும் குறுக்க வராம இருந்திருந்தா நல்ல போட்டோ சார்" என்றார். நான் நகைச்சுவை எழுதிப் பிழைப்பவன். எதற்கும் ஒரு பதில் சட்டைப் பையில் வைத்திருப்பேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்று பையைத் துழாவிப் பார்த்தேன், கைக்குட்டைதான் வந்தது.

அறுபதுகளின் நடுவில் நான் அந்தக் கலைக்கூடத்தில் வேலை பார்த்தேன். வேலை என்றால், சிலைகளுக்குக் கீழே வைக்கும் அட்டைகளில் விவரம் எழுதுவது. 'கை உடைந்த நிலையில்', 'மூக்கு சிதைந்த நிலையில்', 'தலை கிடைக்கவில்லை'. என் எழுத்து வாழ்க்கை இந்த மூன்று வாக்கியங்களில்தான் தொடங்கியது. விமர்சகர்கள் பிற்பாடு என் கதைகளைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இவையே. யாரோ ஒரு மிராசுதார் விட்டுவிட்டுப்போன பங்களா அது. நிர்வாகி அதை அருங்காட்சியகம் என்று சொல்லுவார். ஊர்க்காரர்களோ கோயில் என்று முடிவு கட்டியிருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள், கூடத்தில் இருந்த பெரிய கல் நந்தியின் காதில் வேண்டுதலைச் சொல்லுவார்கள், நாங்கள் அசந்த நேரத்தில் கற்பூரமும் ஏற்றிவிடுவார்கள். 'தொடாதீர்' என்று நான் எழுதி வைத்த அட்டைக்கே ஒரு நாள் குங்குமம் வைத்திருந்தார்கள்.

நான் தங்கியிருந்தது கடலூர் பழைய நகரத்தில், மாமா வீட்டில். தினமும் ரயிலில் சிதம்பரம் போய் வருவேன். மாமா என் அம்மாவின் தம்பி, துறைமுகத்து அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. நல்ல உயரம். ஆனால் அந்த உயரத்தை அலுவலக நேரத்தில் யாரும் பார்த்ததில்லை. அதிகாரி வந்தால் குனிவார், அதிகாரியின் கார் வந்தால் குனிவார், அதிகாரி விடுமுறையில் இருந்தால் அவர் நாற்காலியைக் கடக்கும்போது லேசாகக் குனிவார். "பழக்கமாயிடுச்சு மாப்ளே, நிமுந்து நடந்தா இடுப்பு வலிக்குது" என்பார். அத்தை மலேயாவில் பிறந்து வளர்ந்தவள். உலகச் சண்டை முடிந்த பிறகு தகப்பனாரோடும் தம்பியோடும் கப்பலில் வந்து இறங்கி, மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். மீன் குழம்பு வைப்பதில் தெரு முழுக்க அவளுக்குப் பெயர். ஒரே ஒரு குறை, அவள் சிரிக்கமாட்டாள். கோபக்காரி என்று சொல்லவும் முடியாது, யாரிடமும் சத்தம் போட்டதில்லை. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள், அவ்வளவுதான். நான் அப்போது பத்திரிகைகளுக்குத் துணுக்குகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். அனுப்புவதற்கு முன் அத்தையிடம் படித்துக் காட்டுவேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாருக்குது. சோறு போடட்டுமா?" என்பாள். பத்திரிகை ஆசிரியர்கள் என்னைத் திருப்பி அனுப்பியதில் எனக்கு அத்தனை வருத்தம் இருந்ததில்லை. அவர்கள் சோறு போடட்டுமா என்று கேட்டதில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் நிர்வாகிக்கு ஜப்பானியத் திரைப்பட விழா நடத்தும் யோசனை வந்தது. எந்த மொழி வேண்டும், எந்த மொழி வேண்டாம் என்று சிதம்பரமே கொதித்து அடங்கியிருந்த நேரம். ஜப்பான் மொழி யாருடைய கோஷத்திலும் இல்லாததால் அது பாதுகாப்பானது என்று நிர்வாகி நினைத்தார். சென்னையிலிருந்து ஒரு ஜப்பானியப் பெரியவர் படப்பெட்டிகளோடு வருவதாக ஏற்பாடு. பெண்கள் பக்கம் காலியாக இருந்தால் வருகிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று, ஊழியர்கள் எல்லோரும் வீட்டுப் பெண்களை அழைத்து வரவேண்டும் என உத்தரவு போட்டார். நான் வீட்டில் வந்து சொன்னபோது அத்தை அரிவாள்மணையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "ஜப்பான் படமா? நான் வரல" என்றாள். "ஏன் அத்தை?" என்றேன். "தலைய வலிக்குது." விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு இப்போதே தலைவலி. நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. என் நிர்வாகியும் அவர் கணக்கில் ஓர் அதிகாரிதான். "அவன் மேலதிகாரி சொல்லியிருக்காரு, போவலன்னா நல்லாருக்காது. சும்மா குந்திட்டு வந்துடலாம் வா" என்றார். அத்தை மறுபடி மீனை அறுத்தாள். அந்த ஒரு மீனை வழக்கத்தைவிடச் சின்னச் சின்னத் துண்டாக அறுத்தாள் என்பது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது.

விழா பகல் காட்சி. கூடத்தின் ஜன்னல்களை ஜமக்காளங்களால் மூடியிருந்தோம். உள்ளே ஆவியில் வேகிற இட்லிக்கு எங்களைவிடக் காற்றோட்டம் இருந்திருக்கும். நடுவில் ஒரு கயிறு, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். திரை கட்டுவதற்குத் தோதான சுவர் நந்திக்குப் பின்னால்தான் இருந்தது. நந்தியை நகர்த்த யானையைக் கொண்டுவந்தாலும் ஆகாது. சரி, நந்தி பாட்டுக்கு நந்தி, படம் பாட்டுக்குப் படம் என்று விட்டுவிட்டோம். படம் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, படத்தின் அடியில் ஓடிய ஆங்கில வாசகங்கள் எல்லாம் நேராக நந்தியின் முதுகில் விழுந்தன. திமிலில் ஏறும்போது ஒரு சொல் பெருத்தது, கழுத்துப் பள்ளத்தில் இன்னொன்று காணாமல் போனது. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லாமல் அன்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. நம் ஊர் ஜனங்கள் இதற்கெல்லாம் அசருகிறவர்கள் அல்ல. நிர்வாகி முன்கூட்டியே "இது சோக காவியம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டதால், எல்லோரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஒரு காட்சி வந்தது. மீசை வைத்த முரட்டு ஆள் ஒருவன், பட்டாளத்து உடுப்பில் வீட்டுக்கு வருகிறான். உள்ளே ஒரு குள்ளமான கிழவி, நமக்கு முதுகைக் காட்டியபடி, தேநீரைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டே மெல்லிய குரலில் ஏதோ சொல்லுகிறாள். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறான். பிறகு மெதுவாகத் திரும்பி வாசலுக்குப் போகிறான். யாரோ செத்துப்போன செய்தி என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்த தமிழாசிரியர் மூக்கை உறிஞ்சினார். அப்போது இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜப்பானியர். இன்னொரு சிரிப்பு பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. அடக்கிப் பார்த்து முடியாமல், அணை உடைந்து, குலுங்கிக் குலுங்கி வந்த சிரிப்பு. யார் இந்த அசடு என்று எட்டிப் பார்த்தேன். அத்தை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல வருஷம் நான் தலைகீழாக நின்றும் வராத சிரிப்பு, ஒரு ஜப்பான் கிழவியின் முதுகைப் பார்த்து வருகிறது! முதலில் எனக்கு வந்தது பொறாமைதான். அதற்குப் பிறகே, இவளுக்கு எப்படிப் புரிந்தது என்ற கேள்வி வந்தது. ஆண்கள் பக்கத்தில் மாமாவைத் தேடினேன். அவர் வாயைத் திறந்தபடி அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுத்தான் அடுத்ததை மாட்டுவோம். அன்று அது சரியாக அந்த நேரத்தில் முடிந்தது. விளக்கு எரிந்ததும் ஜப்பானியர் எழுந்து, முகமெல்லாம் மலர்ச்சியாக, கயிற்றைத் தாண்டி நேராக அத்தையிடம் போனார். அந்நிய ஊரில் தன் மொழி தெரிந்த ஒரு ஜீவனைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். ஏதோ கேட்டார். அத்தையின் முகத்தில் சிரிப்பு இருந்த சுவடே இல்லை. எழுந்து நின்றாள். கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து அப்படியே வளைந்து குனிந்தாள். அவரும் பதிலுக்குக் குனிந்தார். கூட்டம் கை தட்டியது. அவர் நிமிர்ந்தார். அத்தை நிமிரவில்லை. அவர் மறுபடியும் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார், கையால் 'போதும்' என்பதுபோல் காட்டினார். அவள் தரையைப் பார்த்தபடியே இருந்தாள். கைதட்டல் இன்னும் பலமானது. ஜப்பானிய மரியாதை என்றால் இப்படித்தான் என்று பக்கத்திலிருந்தவர் எனக்கு விளக்கினார். நான் நின்ற இடத்திலிருந்து அத்தையின் விரல்கள் தெரிந்தன. அவை நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பெரியவரும் அவற்றைப் பார்த்திருக்கவேண்டும். அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த வயதுள்ள ஜப்பானியர் சண்டைக் காலத்தில் எங்கே இருந்திருப்பார், என்னவாக இருந்திருப்பார் என்று யோசிக்கத் தெரியாதவர்கள் அந்தக் கூடத்தில் இல்லை, யோசிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். பிறகு கட்டையான குரலில், வெட்டினாற்போல் ஒரே ஒரு சொல் சொன்னார். அத்தை உடனே நிமிர்ந்தாள்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் எங்கள் நிர்வாகிக்குக் கலைக்கண் உண்டு. "அருமை! அருமை!" என்று கத்திக்கொண்டே போட்டோக்காரரை இழுத்து வந்தார். "அம்மா, அதே மாதிரி இன்னொரு தடவை குனிங்க. போட்டோவுல வரணும். இன்னும் கொஞ்சம் நல்லா குனிங்க." அத்தை அவரைப் பார்த்தாள், காமிராவைப் பார்த்தாள், கைகளை மறுபடியும் தொடையோடு சேர்த்தாள். அப்போது மாமா எழுந்தார். வழியில் இருந்த நாற்காலிகளை இடித்துக்கொண்டு, ஆண்கள் தாண்டக்கூடாத கயிற்றைத் தாண்டி, காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தைக்கு முன்னால் போய் நின்றார்.

"அவ குனிய மாட்டா சார்" என்றார்.

"யாரய்யா நீங்க? ஒரே ஒரு தடவை, போட்டோவுக்குத்தானே..."

"அவ குனிய மாட்டா. போட்டோவுக்கு ஆளு வேணும்னா சொல்லுங்க, நான் குனியறேன். எனக்குப் பழக்கம்."

மாமா இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு அதிகாரியிடம் விண்ணப்பிக்கும் அதே பணிவான குரலில்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவர் முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நின்றார். என் மாமா அவ்வளவு உயரம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்த ஜப்பானியர், அவரை யாரும் கேட்காமலே, முன்னைவிட ஆழமாகக் குனிந்தார். போட்டோக்காரர் பொத்தானை அழுத்திவிட்டார். அதுதான் அந்தப் புகைப்படம்.

மிச்சப் படத்தை நாங்கள் பார்க்கவில்லை. சாயங்கால ரயிலில் மூன்று பேரும் ஏறினோம். கிள்ளை தாண்டி வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தை தானாகப் பேச ஆரம்பித்தாள். சாதாரணக் குரல், அரிசி விலையைச் சொல்வதுபோல.

"ஆஸ்பத்திரியில துணி தோச்சேன். மலேயாவ ஜப்பான்காரன் புடிச்சிருந்தப்ப, அவுங்க பட்டாளத்து ஆஸ்பத்திரி. தெனமும் பாலத்தத் தாண்டிப் போவணும். பாலத்துல காவக்காரன் நிப்பான். குனியணும். அவன் போன்னு சொல்ற வரைக்கும் நிமுரக்கூடாது." கீழே ஓடும் ஆற்றைப் பார்த்தாள். "எங்கண்ணன் சீக்கிரம் நிமுந்துட்டான்."

அத்தைக்கு ஒரு தம்பி உண்டு, காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் ஒருவன் இருந்தான் என்பதே எனக்குத் தெரியாது. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"இன்னிக்கி வந்த ஆளு மொதல்ல மரியாதையாத்தான் சொன்னாரு, நிமுருங்கம்மான்னு. காதுல வுழுந்துச்சு, ஒடம்புக்கு வெளங்கல. அப்புறம் காவக்காரன் சொல்ற மாதிரி சொன்னாரு. பாவம், அந்த ஆளுக்கும் அது தெரிஞ்சிருந்துச்சு" என்றாள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தாள். "கப்பல்லயே எங்கப்பா சொல்லிட்டாரு. இந்தப் பாஷ தெரியும்னு ஊர்ல மூச்சு வுடாத. துணி தோச்சேன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான், வேற மாதிரிதான் நெனப்பான்னு. இத்தினி வருசம் மூச்சு வுடல. இந்தப் பாழாப்போன சிரிப்பு வந்து..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஊருக்குப் போனதும் என்னிய காடாம்புலியூருல தம்பி வூட்டுல கொண்டுபோயி வுட்டுடுறீங்களா?"

பரங்கிப்பேட்டை வந்தது. யாரோ கூடைகளோடு ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. புதுச்சத்திரம் போனது, அப்போதும் சொல்லவில்லை. அத்தையின் கை ஜன்னல் கம்பியை விடவே இல்லை. ஒருவர் சிரித்தால் அவருக்குச் சந்தோஷம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு சிரிப்பு ஒரு பெண்ணைக் குடும்பத்தைவிட்டே கிளப்பிவிடும் என்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி ஒரு வரி நகைச்சுவை எழுதக்கூடாது என்று கூடத் தீர்மானித்தேன். நான் நிறைவேற்றாத நல்ல தீர்மானங்களில் அதுவும் ஒன்று. ஆலப்பாக்கம் வருவதற்குள் மாமா தொண்டையைக் கனைத்தார்.

"அந்தக் கெழவி என்னா சொன்னா?"

அத்தை புரியாமல் பார்த்தாள்.

"படத்துல. நீ சிரிச்சியே, அப்ப என்னா சொன்னா?"

அத்தை தயங்கினாள். "செருப்பக் கோணலாப் போட்டுட்டு வந்திருக்க, போயி ஒழுங்கா வச்சிட்டு வாடான்னா. எவ்ளோ பெரிய படைய நடத்துனவன்... அம்மாக்காரிகிட்ட செருப்புக்குத் திட்டு வாங்கினு போறான். எனக்கு... அவுங்களுக்கெல்லாம் வூட்ல அம்மா இருப்பாங்கன்னே நான் நெனச்சதில்லீங்க."

மாமா யோசித்தார். "அத அந்தப் பாஷையில சொல்லு" என்றார்.

அவள் எங்களைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட்டு, காற்றோடு காற்றாக அந்த வாக்கியத்தைச் சொன்னாள். மாமா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். காடாம்புலியூரைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. துறைமுகத்து அலுவலகத்தில் ஒரு புரட்சி நடக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாமா வழக்கம்போலவே குனிந்தார், ஓய்வு பெறும் நாள்வரைக்கும் குனிந்துகொண்டேதான் இருந்தார். "அது சம்பளத்துக்கு மாப்ளே" என்று ஒரு தடவை சொன்னார். என் நிர்வாகி 'உங்க ஆளால ஒரு நல்ல போட்டோ கெட்டுப்போச்சு' என்று என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அது ஓய்வாக இருந்தது. ஆனால் வீட்டில் ஒன்று மாறியது. மாமா ஒழுங்கானவர், வாசலில் செருப்பைக் கோடு போட்டது போலக் கழற்றி வைப்பவர். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு செருப்பை வடக்கேயும் ஒன்றைத் தெற்கேயும் எறிந்துவிட்டு, நிலைப்படியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும், கரண்டியும் கையுமாக வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்த ஜப்பான் வாக்கியத்தைச் சொன்னாள். மாமா திரும்பிப் போய்ச் செருப்பை ஒழுங்காக வைத்துவிட்டு வந்தார். அத்தை சிரித்தாள். அதற்குப் பிறகு அது அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது. நான் எழுதிய எந்தத் துணுக்கும் அந்த வீட்டில் இரண்டாம் முறை ஓடியதில்லை. மாமாவுடையது அவர் கண்ணை மூடும்வரை ஓடியது. மாமா போன அடுத்த வருஷம் அத்தையும் போய்விட்டாள்.

போன மாதம் அந்த இளைஞர், புகைப்படத்தில் ஜப்பானியரை மட்டும் வைத்துக்கொண்டு முதுகை வெட்டிவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். "வெட்டாதீங்க தம்பி" என்றேன். "ஏன் சார், தெரிஞ்சவரா?" என்றார். "எங்க மாமா." அவர் சங்கடப்பட்டுப்போய், மாமா எதற்காகக் குறுக்கே வந்தார் என்று கேட்டார். முழங்கைக்குக் கீழே தெரிந்த புடவைக் கரையைக் காட்டினேன். குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "அட, பின்னால யாரோ நிக்கிறாங்க" என்றார். ஆமாம் என்றேன்.

கடலூருக்குப் போகும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இப்போதெல்லாம் அது தொழிற்பேட்டைக்குப் போய்வரும் ஆட்களால் நிரம்பி வழிகிறது, முன்னாலேயே போனால்தான் உட்கார இடம். வாசலுக்கு வந்தேன். ஊர்க்காரர்கள் இன்னும் அந்த இடத்தைக் கோயில் என்றுதான் நினைக்கிறார்கள், படியில் வரிசையாகச் செருப்புகள். என்னுடைய ஜோடியை யாரோ காலால் தள்ளியிருக்கவேண்டும், ஒன்று வடக்கேயும் ஒன்று தெற்கேயுமாகக் கிடந்தது. மாட்டிக்கொள்ளாமல் அப்படியே சற்று நேரம் நின்றேன். உள்ளேயிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை.